சர்க்கரை ஏன் இறங்குகிறது?

அம்மாவின் சர்க்கரை 62-க்கு இறங்கிவிட்டது என்று நர்ஸ் சொன்னபோது, பக்கத்தில் நின்ற சித்தி, "அப்பாடா, இப்பவாவது கொறஞ்சுதே" என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை. அதற்கு முந்தைய ஒன்றரை மாதமாக எங்கள் வீட்டில் பேச்செல்லாம் அம்மாவின் சர்க்கரையைப் பற்றித்தான். 240, 280 என்று ஏறிக்கொண்டே போனது. அதுவரை சர்க்கரை நோயே இல்லாத அம்மாவுக்கு வேளாவேளைக்கு இன்சுலின் போட நான் கற்றுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு இன்சுலின் போடவே இல்லை. ஆனாலும் 62. "சாப்பிடலை இல்லையா, அதான்" என்றார் நர்ஸ். சரியான பதிலாகத்தான் தோன்றியது. ஆனால் என் மனசு அதில் போய் உட்காரவில்லை.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு மார்பகப் புற்று. அறுவை, கீமோ எல்லாம் முடிந்து சில வருடங்கள் நன்றாகவே இருந்தாள். கும்பகோணத்தில் தனியாகச் சமைத்து, தனியாகக் கோயிலுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் காலைத் தலைவலி தொடங்கியது. கூடவே வாந்தி. நடக்கும்போது இடது பக்கம் சாய்ந்தாள். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளைக்குப் பரவியிருந்தது தெரிந்தது. சென்னைக்குக் கூட்டிப்போய்க் கதிர்வீச்சு கொடுத்தோம். கட்டிகளைச் சுற்றியிருந்த வீக்கம் வடிவதற்கு டெக்ஸாமெத்தசோன் மாத்திரை, காலையில் 4 மில்லிகிராம், மதியம் 4. தலைவலி இரண்டே நாளில் விட்டது. முகம் உப்பியது, பசி பேயாய்ப் பிடித்தது, சர்க்கரை ஏறியது. "மாத்திரையாலதான் ஏறுது, மாத்திரையைக் குறைக்கும்போது அதுவும் இறங்கிடும்" என்று அங்கே இருந்த டாக்டர் அப்போதே சொன்னார். வார்டு சிஸ்டர் மருந்துச் சீட்டில் அந்த மாத்திரையின் பெயரைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, "இதை மட்டும் டக்குன்னு நிறுத்தவே கூடாதும்மா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். எந்த டாக்டர்கிட்டப் போனாலும் சொல்லுங்க" என்றார்.

ஊருக்குத் திரும்பிச் சில வாரங்களில் குளிர்ஜுரம் வந்தது. சிறுநீர்த் தொற்று. வாந்தி நிற்கவில்லை. சென்னைக்குக் கொண்டுபோகும் நிலையில் அம்மா இல்லாததால் பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பழைய ஃபைல், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கொடுத்தேன். சிவப்பு வட்டத்தைக் காட்டியும் சொன்னேன். வாந்தியும் அரைமயக்கமுமாக இருப்பவருக்கு வாய்வழியே எதையும் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். அதனால் மாத்திரைகள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி எழுதினார்கள். அதுவும் சரிதான். ஆன்டிபயாடிக் ஊசி, வாந்திக்கு ஊசி, அல்சருக்கு ஊசி, சலைன். இரண்டாம் நாள் ஜுரம் இறங்கியது. மூன்றாம் நாள் காலையிலிருந்து அம்மா கண் திறக்கவில்லை. ரத்த அழுத்தம் 80-க்கு வந்தது. ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க நார்அட்ரினலின் ஓடியது. ஆன்டிபயாடிக்கை இன்னும் வீரியமானதாக மாற்றினார்கள். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்த்த கல்ச்சரில் எதுவும் வரவில்லை. தலைக்கு சி.டி. எடுத்துப் பார்த்தார்கள், புதிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் அம்மா இறங்கிக்கொண்டே போனாள்.

"செப்சிஸ்" என்றார் பெரிய டாக்டர், தொற்றால் உடம்பே நிலைகுலைந்துபோவது. ரவுண்ட்ஸில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். நான் "ஏன் சார் மருந்துக்குக் கேக்கலை?" என்றதற்கு அவர், "கேன்சர் பேஷன்ட். பிரெய்ன்ல வேற பரவியிருக்கு. எதிர்பார்க்க வேண்டியதுதாம்மா" என்று சொல்லிவிட்டு, "ஆம்பளைங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். அண்ணன் மஸ்கட்டிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தான். "அவர் வந்ததும் பேசுறேன்." சித்தப்பா என்னைத் தனியாக அழைத்து, சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிடச் சொன்னார்.

அந்த டாக்டர் மோசமானவர் இல்லை. ஜுரத்தோடு வந்த புற்றுநோயாளியின் ரத்த அழுத்தம் விழுந்தால் முதலில் செப்சிஸைத்தான் நினைக்க வேண்டும், உடனே ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். நினைக்காமல் விட்டிருந்தால்தான் குற்றம். என் மனத்தாங்கல் 'எதிர்பார்க்க வேண்டியதுதாம்மா' என்ற அந்த வாக்கியத்தின் மேல்தான். புற்று என்று ஒருமுறை ஃபைலின் மேலே எழுதிவிட்டால், அதற்குப் பிறகு அந்த உடம்பில் எது நடந்தாலும் விளக்கம் தயாராக இருக்கிறது. மயக்கமா, புற்று. வாந்தியா, புற்று. அழுத்தம் விழுகிறதா, புற்று முற்றிவிட்டது. வேறு யாருக்காவது இதே நிலை வந்திருந்தால் ஏன், எதனால் என்று குடைந்து பார்ப்பவர்கள், இவருக்கென்றால் எதிர்பார்க்க வேண்டியதுதான் என்று தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். டாக்டர்கள் மட்டுமா? சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்தார். அன்று இரவு வரை நானும் பாதி நம்பினேன். புற்றுநோயாளிக்கும் சாதாரணமாகச் சரிசெய்யக்கூடிய கோளாறுகள் வரும். அதைச் சரிசெய்வதால் புற்று போய்விடாது. ஆனால் அவருக்குச் சில மாதங்கள் கிடைக்கலாம். அந்த மாதங்கள் அவருடையவை.

எனக்குப் பயம் இருந்தது. நிறையக் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள், அந்தக் கோபம் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே கிடக்கும் அம்மாவின் மேல்தான் விழும் என்ற பயம். சாப்பிடப் போனாலும் தூங்கப் போனாலும் அதுவே உறுத்தும். ஆஸ்பத்திரியில் உறவினரோடு இருந்த எவருக்கும் இது தெரியும். வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

சென்னையில் இருந்தபோதே ஒரு நோட்டில் தினமும் எழுதும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. கோடு போட்டுத் தேதி, ஜுரம், பி.பி., சர்க்கரை, என்ன சாப்பிட்டாள், என்னென்ன மருந்து. அன்று இரவு ஐ.சி.யூ. வாசல் நாற்காலியில் அந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டேன். அதுவரை அதை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு நாளாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் குறுக்கே பார்த்தேன், எது நன்றாகிறது, எது மோசமாகிறது என்று. ஜுரம் போய்விட்டது. வெள்ளையணு 17,000-லிருந்து 9,000-க்கு வந்திருந்தது. கிருமி தோற்றுக்கொண்டிருந்தது. அப்படியென்றால் அழுத்தம் ஏன் விழ வேண்டும்? சோடியம் 134-லிருந்து 124-க்கு ஏன் வர வேண்டும்? அந்தச் சர்க்கரை ஏன் இறங்க வேண்டும்? சர்க்கரையை ஏற்றியது எது என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். மாத்திரையால்தான் ஏறுது என்று சொல்லியிருந்தார்களே. அப்படியானால் அந்த மாத்திரை இப்போது எங்கே?

உள்ளே போய் நர்ஸிடம், "சிஸ்டர், அம்மாவுக்கு டெக்ஸா ஊசி எத்தனை வேளை போடுறீங்க?" என்று கேட்டேன். போடுகிறார்கள் என்றுதான் நினைத்துக் கேட்டேன். அந்தப் பெண் மருந்து சார்ட்டை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தார். பக்கத்தைத் திருப்பினார். "டெக்ஸா... இல்லையேக்கா" என்றார்.

டியூட்டி டாக்டர் என்னைவிடப் பத்து வயது சிறிய பெண்ணாக இருக்கும். "காலைல சார் வருவார், அவர்கிட்டக் கேளுங்க மேடம்" என்றார். எனக்குக் கை நடுங்கியது. ஆனால் அழவில்லை, கத்தவில்லை. "டாக்டர், நான் மருந்து சொல்ல வரலை. ஆறேழு வாரமா தினம் 8 மில்லிகிராம் டெக்ஸா போய்க்கிட்டிருந்த உடம்பு. இங்க சேர்த்த அன்னிலேர்ந்து ஒரு துளிகூடப் போகலை. சார்ட்டைப் பாருங்க. இதை சாருக்கு இப்பவே போன்ல சொல்லுங்க. நான் கேட்டேன்னு ஃபைல்ல எழுதுங்க" என்றேன். அவர் சார்ட்டை வாங்கிப் பார்த்தார். நோட்டையும் கேட்டு வாங்கினார். சர்க்கரை வரிசையில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒன்றும் பேசாமல் போனை எடுத்தார்.

கார்ட்டிசால் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போட்டார்கள். காத்திருக்கக் கூடாது என்பதுதான் அதற்கான முறை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். விடிவதற்குள் நார்அட்ரினலினின் வேகத்தைக் குறைக்க முடிந்தது. காலையில் என்னை உள்ளே விட்டபோது அம்மா கண் திறந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "என் வளையலை யாருடி கழட்டுனது?"

நடந்தது இதுதான். ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலைமேலும் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. உடம்புக்கு அன்றாடம் வேண்டிய கார்ட்டிசாலை அதுதான் சுரக்கிறது. நோய், அடி, அறுவை என்று உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது பல மடங்கு சுரக்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழாமல் நிற்பது அதனால்தான். அம்மா சாப்பிட்ட 8 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், உடம்பு ஒரு நாளில் தானாகச் சுரப்பதைப்போல ஏறக்குறைய பத்து மடங்குக்குச் சமம். வெளியிலிருந்து இவ்வளவு வரும்போது சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடுகிறது. மூன்று வாரத்துக்கு மேல் அப்படிப் போனால், மாத்திரையை நிறுத்திய மறுநாளே அது எழுந்துகொள்ளாது. பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அந்த இடைவெளியில் ஒரு தொற்றும் வந்து சேர்ந்தால் உடம்புக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ரிப்போர்ட் வந்தது. 18, 20 என்று ஏறியிருக்க வேண்டிய கார்ட்டிசால் 2-க்கும் கீழே கிடந்தது.

யாரும் அந்த மருந்தை வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை. மாத்திரைகளை நிறுத்தியவர் சரியான காரணத்துக்காக நிறுத்தினார். அதை ஊசியாக மாற்றி எழுத வேண்டியவர் அடுத்த ஷிஃப்டில் இருந்தார். ஐ.சி.யூ.வுக்குப் போனபோது புது சார்ட் எழுதினார்கள், பழைய சார்ட்டைப் பார்த்து. அதில் இல்லாதது இதிலும் வரவில்லை. பொது மருத்துவர் ஒருவர், புற்று மருத்துவர் போனில், இரவில் வேறொருவர். ஒவ்வொருவரும் அம்மாவின் ஒரு துண்டைப் பார்த்தார்கள். சென்னையில் அவள் எப்படி இருந்தாள், போன வாரம் எப்படி இருந்தாள், நேற்று எப்படி இருந்தாள் என்று தொடர்ச்சியாகப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். நான் மருத்துவம் படிக்கவில்லை. ஆனால் அந்த அறையில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு விவரம் என்னிடம் இருந்தது. அந்த இரவுக்கு முன் அதை நான் ஒரு விவரமாக மதித்ததே இல்லை. கவலை என்றுதான் நினைத்திருந்தேன். "அம்மா எப்பவும்போல இல்லை சார்" என்று மூன்றாம் நாள் காலையிலேயே சொன்னேன். அது டாக்டர் காதில் மகளின் பாசமாக விழுந்தது. "இன்சுலின் இல்லாமலே 280-லிருந்து 62-க்கு வந்திருக்கு" என்று எண்களோடு சொன்னபோது அது மருத்துவமாக விழுந்தது.

பின்னால் பலபேர் என்னிடம் கேட்டார்கள், எம்.எல்.ஏ. மூலமாகச் சொல்லியிருந்தால் நன்றாகக் கவனித்திருப்பார்களே என்று. எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். ஒரு போன் வந்தால் நாற்காலி கிடைக்கும், ரவுண்ட்ஸில் ஐந்து நிமிடம் நிற்பார்கள். ஆனால் சார்ட்டில் இல்லாத மருந்து அதனால் வந்துவிடாது. சத்தம் போடுவதாலும் வராது. கத்தும் உறவினரைச் சமாதானப்படுத்துவதில் அவர்கள் கவனம் போய்விடும், நோயாளியைப் பற்றி யோசிக்க மிஞ்சாது. "இதுல எது சார் செப்சிஸோட பொருந்தலை?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல டாக்டர் அந்தக் கேள்விக்கு நின்றுவிடுவார். அதற்குப் பிறகு நான் சந்தித்தவர்களில் பெரும்பாலானவர்கள் நின்றார்கள்.

ஆனால் இதையெல்லாம் ஒரு பெண்ணின் துணிச்சலுக்கு விட்டுவைத்திருக்கக் கூடாது என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி 2021-இல் செப்சிஸில் இறந்தாள். சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்தவள். நிலைமை மோசமாகிறது என்று பெற்றோர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தீவிர சிகிச்சைக்கு முன்னதாகவே மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணை அதிகாரி சொன்னார். அவளுடைய அம்மா மெரோப் மில்ஸ் விடாமல் எழுதியும் பேசியும் போராடியதில் 'மார்த்தா விதி' வந்தது. 2024 முதல் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில், நோயாளியோ உறவினரோ கவலைப்பட்டால் வேறொரு மருத்துவக் குழுவை எந்த நேரத்திலும் வரவழைக்க முடியும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ரையன் சாண்டர்ஸ் என்ற குழந்தை 2007-இல் இறந்த பிறகு, 2013-இல் இதேபோல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். இரண்டிலும் கூட இருந்தவர்கள் சொன்னதைத்தான் கடைசியில் சட்டதிட்டமாக எழுதிவைத்தார்கள். நம் ஊரிலும் கூட இருந்து பார்த்தவர்களின் வேதனை வீண்போனதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கை புற்றுநோயில் துடித்து இறந்ததை 1923-இல் பார்த்தவர். 1954-இல் அவர் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததற்குப் பின்னால் அந்தத் துக்கம் இருக்கிறது.

இங்கே நமக்கு என்று இருக்கும் ஒரு பிடிமானத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு அது தெரிவதில்லை. 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் நடத்தை விதிகளின்படி நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். அம்மாவை வீட்டுக்கு அழைத்துப்போகும்போது மருந்து சார்ட் உட்பட எல்லாவற்றுக்கும் நகல் கேட்டேன். ரெக்கார்ட்ஸ் பிரிவில், டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான் தருவோம் என்றார்கள். விதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கொடுத்தார்கள். வழக்குப் போடவா என்று அண்ணன் கேட்டான். அதற்காக இல்லை. அடுத்த ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போவதற்காக.

அடுத்த ஆஸ்பத்திரி வரும் என்று தெரிந்துதான் இருந்தது. அதற்கு முன்னால் அம்மாவுக்கும் எனக்கும் நடக்க வேண்டிய ஒரு பேச்சு இருந்தது. தலைக்குப் பரவியதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது குடும்பத்தின் முடிவு. நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். ஐ.சி.யூ.விலிருந்து வந்த பிறகு ஒருநாள் எண்ணெய் தேய்த்துவிடும்போது அவளே, "தலையில என்ன இருக்கு, சொல்லு" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குத் தெரியும்டி. நீங்க சொல்லாததுதான் பயமா இருந்துச்சு" என்றாள். பிறகு, "இனிமே அந்தக் கண்ணாடி ரூம்ல என்னைப் போடாதே" என்றாள். அவளுக்காகப் பேசுகிறேன் என்று நான் அலைந்த அத்தனை நாளும், அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஏழெட்டு மாதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துக்கு வந்தாள். மாத்திரையைத் துளித்துளியாகக் குறைத்தார்கள், முழுதாக நிறுத்தவே முடியவில்லை. பிறகு மறுபடியும் மயக்கம் வந்தது. இந்த முறை நான் சார்ட்டைத்தான் முதலில் பார்த்தேன். மருந்து சரியாக இருந்தது. சோடியம், கால்சியம், சர்க்கரை எல்லாமே சரியாக இருந்தன. காரணம் பிடிபடவில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், முதுகுத் தண்டில் நீர் எடுத்துப் பார்க்கலாம், தேவைப்பட்டால் ஐ.சி.யூ. என்றார்கள். நான் டாக்டரிடம் கேட்டேன், "இதுல எந்த ரிசல்ட் வந்தாலும் நீங்க செய்யப்போற வைத்தியம் மாறுமா சார்?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஃபைலை மூடிவிட்டு, "மாறாதும்மா" என்றார்.

வீட்டுக்கு அழைத்து வந்தோம். மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வந்து பார்த்தார். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுவதையும், வாயை ஈரமாக வைத்துக்கொள்வதையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வலி என்று அம்மா கடைசிவரை சொல்லவில்லை. இறந்த அன்று அவளுடைய கட்டிலில்தான் இருந்தாள்.

அந்த இரண்டாவது மயக்கத்துக்கு என்ன காரணம் என்பது கடைசிவரை தெரியவில்லை. அண்ணன் இப்போதும் மஸ்கட்டிலிருந்து பேசும்போது கேட்பான், அந்த எம்.ஆர்.ஐ.யை எடுத்திருக்கலாமே என்று. எடுத்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்வேன். அம்மா வேண்டாம் என்றாள் என்றும் சொல்வேன். அவனுக்கு முதல் பதில் போதவில்லை, இரண்டாவதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவன் கேட்பதை நான் நிறுத்தச் சொல்வதில்லை.